ஷார்தானின் ‘லெ பெனெதிசித்தே’: கலைத்தர அச்சுப்படியைத் தேர்ந்து, அச்சிட்டு, சட்டமிட்டு மாட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

பாரிசில் 1699 இல் பிறந்து 1779 இல் அங்கேயே மறைந்த ழான்-சிமெயோன் ஷார்தான், வீட்டுக்குள் நடக்கும் அன்றாடக் காரியங்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர்களில் முதல் வரிசையில் நிற்பவர். அவருடைய ‘லெ பெனெதிசித்தே’, அதாவது ‘உணவுக்கு முன் செபம்’ என்ற ஓவியத்தில், ஒரு தாய் வெள்ளை விரிப்பு விரித்த சிறிய மேசையின்மேல் குனிந்து உணவை எடுத்து வைக்கிறாள். இரண்டு பிள்ளைகளில் இளையது குட்டை நாற்காலியில் அமர்ந்து, கைகூப்பிச் செபத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் காத்திருக்கிறாள். அந்த நாற்காலியில் ஒரு விளையாட்டு முரசு தொங்குகிறது. அக்காலப் பிரான்சில் சிறு பையன்களுக்கும் பாவாடை போன்ற நீண்ட உடையையே அணிவித்தார்கள் என்பதால், இந்த முரசை வைத்துத்தான் இளைய பிள்ளை பையன் என்று கொள்கிறார்கள். 1740 ஆம் ஆண்டின் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டு, அதே ஆண்டில் அரசர் பதினைந்தாம் லூயிக்கு ஷார்தானே அளித்த இந்தப் படம் இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த ஓவியத்தின் உயரம் 49.5 செ.மீ., அகலம் 38.5 செ.மீ. மட்டுமே. இந்த அளவை நினைவில் வைத்துக்கொண்டு கடைகளில் விற்கும் அச்சுப்படிகளைப் பார்த்தால் குறை எங்கே இருக்கிறது என்பது உடனே விளங்கும். பெரும்பாலான அச்சுப்படிகள் இதைப் பெரிதாக்குகின்றன, கூடவே வெளிச்சமும் ஆக்குகின்றன. ஷார்தானின் இந்தப் படம் கையெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பதற்காக, தணிந்த பழுப்பிலும் சாம்பலிலும் வரையப்பட்டது. பெரிதாக்கினால் அதன் நெருக்கம் போய்விடுகிறது. வெளிச்சமாக்கினால் விரிப்பின் வெண்மைக்கும் தாயின் குல்லாயின் வெண்மைக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டு கேடுகளையும் தவிர்ப்பதற்கானதே.

முதலில் ஒரு பின்னணி

பிரெஞ்சு அரசவைக் கலைக்கழகத்தில் ஓவிய வகைகளுக்கு ஒரு தரவரிசை இருந்தது. புராணமும் வரலாறும் சமயமும் மேலே. உருவப்படம், அன்றாடக் காட்சி, நிலக்காட்சி ஆகியவை அதற்குக் கீழே. பழமும் பாத்திரமும் கடைசியில். ஷார்தான் 1728 இல் அக்கழகத்தில் சேர்க்கப்பட்டபோது விலங்குகளையும் பழங்களையும் வரைபவர் என்றே சேர்க்கப்பட்டார். 1730களில்தான் அவர் மனிதர் இடம்பெறும் வீட்டுக் காட்சிகளுக்கு வந்தார், அவற்றின் வழியாகவே பரந்த புகழும் பெற்றார். அந்தப் புகழைப் பரப்பியவை மூல ஓவியங்கள் அல்ல. அரசரின் சுவரிலும் செல்வர்களின் அறைகளிலும் இருந்தவற்றை எத்தனை பேர் பார்த்திருக்க முடியும்? செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்ற படிகள்தான் ஷார்தானை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்த்தன. ‘பெனெதிசித்தே’யை பெர்னார் லெபிசியே 1744 இல் செதுக்கினார். ஷார்தானின் மற்றப் படங்களை மூத்த கோஷான், லெ பா, சுருக் முதலியோர் செதுக்கினர். ஆகவே இந்த ஓவியத்தை அச்சுப்படியாக வீட்டுக்குக் கொண்டுவருவதில் தாழ்வு எதுவும் இல்லை. முதல் தலைமுறை ரசிகர்களும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள்.

படி 1: எந்தப் படம் என்பதைத் தீர்மானியுங்கள்

ஷார்தான் தமக்குப் பிடித்த காட்சிகளை மீண்டும் வரையும் பழக்கம் உள்ளவர். அரசருக்கு அளித்த படத்தைத் தவிர, மருத்துவரும் சேகரிப்பாளருமான லூயி லா காஸ் 1869 இல் விட்டுச் சென்ற பெருங்கொடையின் வழியாக வந்த இன்னொரு ‘பெனெதிசித்தே’யும் லூவ்ரில் உள்ளது. ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ள ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது. இவற்றுக்கிடையே சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. விற்பனைத் தளங்களில் ஒன்றின் பெயரைப் போட்டு வேறொன்றின் படத்தைக் காட்டுவது சாதாரணமாக நடக்கிறது என்பதால், அருங்காட்சியகத்தின் பெயரையும் அதன் பதிவெண்ணையும் குறித்துக்கொண்டு, அச்சகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் எழுதுங்கள்.

லூவ்ரின் படத்துக்கு நல்ல கோப்பு கிடைக்காவிட்டால், ஷார்தானின் வேறொரு படத்துக்கு மாறுவதையும் யோசிக்கலாம். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள ‘சமையலறைப் பணிப்பெண்’ 1738 இல் வரையப்பட்டது. டர்னிப் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கையில் வைத்தபடியே எங்கோ பார்த்து அமர்ந்திருக்கும் படம் அது. ஏறத்தாழ இதே அளவுதான். அக்கலைக்கூடம் பதிப்புரிமை காலாவதியான தன் ஓவியங்களின் படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தத் திறந்து விட்டிருக்கிறது. என் கருத்தில் ‘பெனெதிசித்தே’க்கு அது எவ்வகையிலும் குறைந்ததல்ல.

படி 2: கோப்பைப் பெறுங்கள், அளந்து பாருங்கள்

லூவ்ர் தன் சேகரிப்பு முழுவதற்குமான இணையத் தொகுப்பை 2021 மார்ச்சில் திறந்தது. அங்கிருந்து சொந்தப் பயன்பாட்டுக்குப் படத்தை இறக்கிக்கொள்ளலாம்; விற்பனைக்காக என்றால் நிபந்தனைகள் வேறு, அவற்றைப் படத்தின் பக்கத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்பு வேண்டுமானால் பிரெஞ்சு தேசிய அருங்காட்சியகங்களின் படமுகமையிடம் கட்டணம் செலுத்திப் பெறலாம். தேடுபொறியில் முதலில் வந்து விழும் படத்தை எடுத்து அச்சுக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம். ஒரே ஓவியத்தின் பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று தேன் மஞ்சளாகவும், ஒன்று நீலம் பாய்ந்தும், ஒன்று ஓரங்கள் வெட்டுப்பட்டும் இருப்பது தெரியும்.

கோப்பின் அளவைக் கணக்கிடுவது எளிது. நெருங்கிப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பாதுகாப்பான அளவு. 49.5 செ.மீ. என்பது ஏறத்தாழ 19.5 அங்குலம், ஆகவே உயரத்தில் சுமார் 5,850 பிக்சலும் அகலத்தில் சுமார் 4,550 பிக்சலும் தேவை. அங்குலத்துக்கு 240 என்று குறைத்துக்கொண்டாலும் கண்ணுக்குக் குறை தெரியாது. அப்போது உயரத்தில் 4,700 பிக்சல் போதும். கையில் இருப்பது 3,000 பிக்சல் கோப்பு மட்டுமே என்றால், படத்தை 30 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கி அச்சிடுங்கள். மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கித் தருவதாக அச்சகம் சொன்னால் மறுத்துவிடுங்கள். அத்தகைய மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. ஷார்தானின் திட்டுத்திட்டான, சற்றே பொருக்குத் தட்டிய வண்ணப் பூச்சு அதன் கையில் பளபளப்பான தோலாக மாறிவிடும். ஷார்தானின் படத்தை நெருங்கினால் எல்லாம் கலங்கிவிடும், விலகினால் மறுபடி உருக்கொள்ளும் என்று அக்காலத் தத்துவஞானியும் கலை விமர்சகருமான திதரோ 1763 ஆம் ஆண்டின் சலோன் விமர்சனத்தில் எழுதினார். அந்தக் கலங்கலும் அச்சுப்படியில் இருந்தாக வேண்டும்.

படி 3: அளவு

மூல அளவிலேயே அச்சிடுங்கள். சுவர் பெரியதாக இருப்பது படத்தைப் பெரிதாக்குவதற்கான காரணம் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் மியேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஓவியம். அதைப் பெரிதாக அச்சிடுவதில் நியாயம் உண்டு. ஷார்தானுக்கு அது பொருந்தாது.

ஆயத்த அளவுகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. இந்த ஓவியத்தின் அகலம் உயரத்தில் 0.78 பங்கு. 12×18 அங்குலத் தாளை நிரப்பும்படி அச்சிட்டால் பக்கவாட்டில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வெட்டுப்படும். ஏ3 தாளில் சுமார் 9 சதவீதம் போகும். 16×20 அங்குலம்தான் ஓரளவு நெருங்கி வருகிறது. வெட்டக் கூடாது, நீட்டவும் கூடாது, நான்கு பக்கமும் 5 செ.மீ. வெள்ளை ஓரம் விட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அப்போது தாள் 48.5×59.5 செ.மீ. ஆகும், அச்சகங்களில் வழக்கமாக இருக்கும் 24 அங்குலச் சுருளில் இது அடங்கிவிடும். அந்த ஓரம் அழகுக்காக மட்டுமல்ல, பின்னர் சட்டமிடுபவர் படத்தைத் தொடாமல் தாளைப் பிடிப்பதற்கும் அதுதான் இடம்.

படி 4: அச்சு முறையும் தாளும்

கலைத்தர அச்சு என்று இன்று சொல்லப்படுவது பெரும்பாலும் நிறமித் துகள் மையைக் கொண்டு இங்க்ஜெட் இயந்திரத்தில் அச்சிடுவதே. அமெரிக்காவில் நாஷ் எடிஷன்ஸ் அச்சுக்கூடத்தில் பணியாற்றிய ஜாக் டுகேன் 1991 இல் இதற்கு ‘ஜிக்லே’ என்று பெயரிட்டார். பெயர் தரத்துக்கு உத்தரவாதம் அல்ல. சாய மையா, நிறமி மையா என்று கேளுங்கள். சாய மை என்றால் வேண்டாம், அது வெளிச்சத்தில் விரைவில் வெளுக்கும். எத்தனை மைகள் என்றும் கேளுங்கள். 8 முதல் 12 வரை இருந்தால் பழுப்பிலும் சாம்பலிலும் படிப்படியான இறக்கம் நன்றாக வரும்.

தாள் முழுப் பருத்தியாலானதாகவும், அமிலமற்றதாகவும், வழுவழுப்பான, ஆனால் மினுங்காத ‘மேட்’ பரப்புடனும், சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவிலும் இருக்கட்டும். ஹானமூலே நிறுவனத்தின் ஃபோட்டோ ராக் 308, கான்சன் நிறுவனத்தின் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310 ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. முதலாவதில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் சிறிதளவு உண்டு, இரண்டாவதில் இல்லை. இந்த வெண்மையூட்டி புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிட்டுத் தாளைப் பளிச்சென்று காட்டுகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் ஆற்றல் குறைந்து, தாள் மஞ்சளித்ததுபோல் தோன்றும். ஷார்தானின் வெதுவெதுப்பான வெள்ளைகளுக்கு நீலம் பாய்ந்த தாள் முதல் நாளிலிருந்தே பொருந்தாது. தாள் எப்படிப்பட்டது என்று சந்தேகம் வந்தால், ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழே அதைப் பிடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி கலந்திருக்கிறது.

பரைட்டா (பேரியம் சல்பேட்) பூச்சுள்ள தாள்களில் கறுப்பு இன்னும் ஆழமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் ஷார்தானின் நிழல்கள் கறுப்பல்ல, பழுப்பு. அந்த ஆழம் இங்கே பயன்படாது, தாளின் மினுக்கம்தான் இடைஞ்சலாக நிற்கும். கேன்வாஸ் துணியில் அச்சிடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூலத்தின் விரிசலும் தூரிகைத் தடமும் ஏற்கெனவே படத்தில் பதிவாகியிருக்கும்போது, அதன்மேல் புதிய துணியின் நெசவு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். அதற்கும் மேலாகத் தெளிவான பசையைத் தூரிகையால் தடவி ‘கையால் மெருகேற்றியது’ என்று விற்பது வெறும் ஒப்பனை. அந்தத் தடங்கள் ஷார்தானின் தூரிகை போன வழியில் போவதில்லை.

‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’, ‘நம்பகச் சான்றிதழ்’ ஆகியவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஓவியர் இறந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில், அச்சகம் போடும் எண்ணும் கையெழுத்தும் அச்சகத்தைப் பற்றியே சான்று கூறும்.

படி 5: சோதனைத் துண்டு

முழுப் படியையும் அச்சிடுவதற்கு முன், மூல அளவில் 10×30 செ.மீ. துண்டொன்றை அதே தாளில் அச்சிடச் சொல்லுங்கள். அதில் மேசை விரிப்பின் ஒரு பகுதி, ஒரு பிள்ளையின் முகம், பின்சுவரின் இருண்ட பகுதி ஆகிய மூன்றும் வரும்படி இடத்தை நீங்களே குறித்துக் கொடுங்கள். இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் தருவதில் பொருளில்லை; வீட்டுத் திரைகள் பெரும்பாலும் அளவுக்கு மீறிய ஒளியில் வைக்கப்பட்டிருக்கின்றன, அதனால்தான் அச்சு வந்ததும் ‘இருட்டாக இருக்கிறதே’ என்று எல்லோரும் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்கிறார்கள்.

துண்டு நன்கு உலர்ந்தபின், படம் தொங்கப்போகும் சுவரிலேயே ஒட்டி, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். முதலில் விரிப்பு. அதன் மிக வெளிச்சமான மடிப்பையும் தாளின் அச்சிடாத ஓரத்தையும் ஒப்பிட்டால், ஓரம் தெளிவாக வெளுப்பாகவும் விரிப்பு ஒரு படி தணிந்தும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் கோப்பில் வெளிச்சம் ஏற்றப்பட்டிருக்கிறது, மடிப்புகளின் உருவமும் அதோடு போயிருக்கும். அடுத்து முகம். கன்னத்தின் சிவப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் நிறச்செறிவு கூட்டப்பட்டிருக்கிறது. கடைசியில் பின்சுவர். அது ஒரே கறுப்புத் திரையாக இருக்கக் கூடாது. கண் பழகியதும் பழுப்புக்குள் இன்னொரு பழுப்பு பிரிந்து தெரிய வேண்டும். மேட் தாள் நிழல்களைச் சற்று விழுங்கும் இயல்புடையது என்பதால், இருண்ட பகுதிகளை மட்டும் மிகச் சிறிதளவு உயர்த்தச் சொல்வது தவறல்ல. இந்த ஒரு திருத்தத்தைத் தவிர வேறெதையும் அனுமதிக்காதீர்கள்.

படி 6: வந்து சேர்ந்ததும் சோதித்தல்

மேட் தாளின்மேல் படிந்த நிறமி எளிதில் சிராய்க்கும். கையுறை அணிந்து, படத்தைச் சுருட்டி அனுப்பிய அட்டைக் குழாயிலிருந்து உருவி எடுக்காமல், குழாயைச் சாய்த்துச் சுருள் தானாகச் சரிந்து வரும்படி விடுங்கள். சுத்தமான மேசையில் விரித்து, மேலே அமிலமற்ற மெல்லிய தாளொன்றை வைத்துத் தட்டையான பாரம் ஏற்றினால் ஓரிரு நாளில் சுருட்டல் அடங்கும். எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தப் பார்த்தால் பரப்பில் மயிரிழை விரிசல் விழும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லூப் ஒன்றை எடுத்து முகத்தின் மேல் வையுங்கள். ஒழுங்கான வரிசைகளில், ரோஜா வடிவ வட்டங்களாக அமைந்த புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் சுவரொட்டி. ஒழுங்கில்லாமல் தூவியதுபோன்ற நுண்துளிகள் தெரிந்தால் இங்க்ஜெட். பழைய செப்புத்தகட்டு அச்சு என்று யாராவது விற்றால், அங்கே இத்தகைய புள்ளிக்கூட்டம் இருக்கவே கூடாது. நிழலெல்லாம் பெரும்பாலும் முழுமையான கோடுகளாலும் கோடுகளின் குறுக்குப் பின்னலாலும் ஆகியிருக்கும், மை தாளின்மேல் மெல்லிய மேடாக நிற்கும், படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய தழும்பு செவ்வகமாகப் பதிந்திருக்கும். லெபிசியேயின் 1744 ஆம் ஆண்டு அச்சின் பழைய படிகள் இன்றும் ஏலங்களில் வருவதுண்டு. செப்புத்தகட்டு அச்சிலேயே மனம் இருப்பவர்கள் லூவ்ரின் சால்கோகிராஃபி பிரிவையும் அறிந்துகொள்ள வேண்டும். 1797 இல் தொடங்கப்பட்ட அது, ஆயிரக்கணக்கான பழைய தகடுகளைக் காத்துவருவதோடு, அவற்றிலிருந்து கையால் இயக்கும் அச்சுப்பொறியில் இப்போதும் படிகள் எடுத்து விற்கிறது.

படி 7: சட்டமிடுதல்

அச்சிட்டு ஒரு நாளாவது உலரவிட்ட பிறகே கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மையிலிருந்து வெளியேறும் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் பனிப்படலமாகப் படியும்.

சட்டக் கடைகளில் வழக்கமாக நடப்பது, படத்தை ஹார்ட்போர்டில் முழுமையாகப் பசையிட்டு ஒட்டிவிடுவது. இதை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். ஹார்ட்போர்டின் அமிலம் தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறைகளை உண்டாக்கும். ஒட்டியதைப் பிறகு பிரிக்கவும் முடியாது. அமிலமற்ற மவுண்ட் போர்டு இரண்டை வாங்கி, ஒன்றைப் பின்தளமாகவும், சாளரம் வெட்டிய மற்றொன்றை முகப்பாகவும் வைத்து, படத்தின் மேல் விளிம்பை மட்டும் ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமைப் பசையும் கொண்டு பின்தளத்தில் தொங்கவிட வேண்டும். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தாள் விரிந்து சுருங்க இடம் கிடைப்பது இதனால்தான். செல்லோடேப் எந்த வடிவிலும் உள்ளே போகக் கூடாது.

சாளரத்தைச் சுற்றிய ஓரத்தின் அகலத்தை மேற்புறத்திலும் பக்கங்களிலும் 8 செ.மீ., அடியில் 9 செ.மீ. என்று வைத்தால் மொத்த அளவு 54.5×66.5 செ.மீ. ஆகும். மவுண்ட் போர்டின் நிறம் தூய வெள்ளையாக வேண்டாம். விரிப்பின் வெள்ளையோடு அது போட்டியிடும். யானைத்தந்த நிறமோ, சற்றே சாம்பல் கலந்த கல் நிறமோ பொருந்தும். புற ஊதாக் கதிரை வடிகட்டும் அக்ரிலிக் (கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்) தகடு சாதாரணக் கண்ணாடியைவிட விலை கூடியது, ஆனால் செலவுக்குத் தகுந்தது. சட்டம் குறுகலான கருமரமாகவோ, மங்கிய பொன்வண்ணமாகவோ இருக்கட்டும். கல்யாண மண்டபத்து அலங்காரம்போல் பூவேலை செய்த அகன்ற தங்கச் சட்டம், இவ்வளவு சிறிய படத்தை விழுங்கிவிடும்.

படி 8: மாட்டுதலும் பேணுதலும்

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 செ.மீ. உயரத்தில் வரட்டும், சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து பார்க்கும் இடமானால் இன்னும் 10 அல்லது 15 செ.மீ. இறக்கலாம். வெயில் நேராக விழும் சுவர், குளியலறையோடு ஒட்டிய சுவர், அடுப்புக்கு எதிரான சுவர் ஆகிய மூன்றும் விலக்கு. தாளில் அமைந்த கலைப்பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவே ஒளி தருகின்றன. வீட்டில் அவ்வளவு கடுமை தேவையில்லை என்றாலும், நிறங்களை உண்மையாகக் காட்டும் திறன் 90க்கு மேல் குறிக்கப்பட்ட, 2700 முதல் 3000 கெல்வின் வரையான மஞ்சள் சாயல் கொண்ட எல்இடி விளக்கையே பயன்படுத்துங்கள். குளிர்ந்த வெள்ளை விளக்கின் கீழே ஷார்தானின் பழுப்புகள் சேற்று நிறமாகிவிடும்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் சுவரே ஈரம் காக்கும். சட்டத்தின் அடி மூலைகளில் ரப்பர் குமிழ்களை ஒட்டி, சுவருக்கும் பின்தளத்துக்கும் இடையே காற்று போக வழி செய்யுங்கள். பின்தளத்தின் இணைப்பைக் காகித நாடாவால் முழுவதும் மூடினால், பருத்தித் தாளை விரும்பித் தின்னும் இராமபாணப் பூச்சி உள்ளே நுழையாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை படத்தைக் கழற்றி, நாடா பிரிந்திருக்கிறதா, பின்புறம் புள்ளிப்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அக்ரிலிக்கைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். நேராக அக்ரிலிக்கின்மேல் தெளித்தால் அது வழிந்து சட்டத்தின் அடிப் பள்ளத்தில் தேங்கி மவுண்ட் போர்டுக்குள் ஏறும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்கள் அக்ரிலிக்கை மங்கச் செய்யும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, மென்மையான துணியும் வெறும் தண்ணீரும் பயன்படுத்துங்கள்.